கேரவனைத் தொட்டால் சுர்ரென்கிறது! – மின்சாரக் கேள்வி பதில்

கேள்வி: ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து விடுதியில் கேரவனை நிறுத்தி, வெளியே இருந்த 16 ஆம்பியர் பிளக்கில் ஒயரைச் செருகினோம். ஈரத்தரையில் நின்று கதவைத் தொட்டால் சுர்ரென்கிறது. உள்ளே இருப்பவர்களுக்கு ஒன்றுமில்லை. மீட்டரில் 228 வோல்ட் சரியாகத்தானே காட்டியது? – வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: பேஸ்–நியூட்ரல் சரி. எர்த்தை அளந்தீர்களா? டிவி, சார்ஜர் போன்றவற்றின் ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியாக எப்போதும் கொஞ்சம் கசிவு எர்த் ஒயருக்கு வரும். எர்த் செத்துப்போயிருந்தால், டயர் ரப்பர் ஆயிற்றே, கசிவு வண்டியின் பாடியிலேயே நின்றுவிடும். வெளியே நின்று தொடுபவர் வழியாகத்தான் மண்ணுக்கு இறங்கும். ஹீட்டர் காயில் பழுதானால் அதே கதவில் முழு 230 வோல்ட் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பிறகு பாருங்கள்.

சாக்கெட்டில் பெரிய துளை (எர்த்) மேலே இருக்கும்படி பார்த்தால் வலது பேஸ், இடது நியூட்ரல். மல்டிமீட்டரை ஏ.சி. 600 அல்லது 750 வோல்ட்டில் வைத்து பேஸ்–நியூட்ரல், பேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் என மூன்று ஜோடியையும் அளங்கள். பேஸ்–எர்த்தும் 230ஐ ஒட்டி வர வேண்டும். 60, 90, 110 என்று அலைந்தால் எர்த் இல்லை. அதே போர்டில் 1,500 வாட் கெட்டிலைப் போட்டு மறுபடி அளங்கள். 228 இருந்தது 205க்கு விழுந்தால் எங்கோ லூஸ் கனெக்‌ஷன், அல்லது மெல்லிய ஒயர்.

கெட்டில் ஓடும்போது நியூட்ரல்–எர்த் ஓரிரு வோல்ட் காட்டுவது இயல்பு. லோடு ஏறியும் துல்லியமாக 0.0 என்றே நின்றால் சந்தேகப்படுங்கள்: எர்த் பின்னுக்கு நியூட்ரலிலிருந்தே லூப் (இணைப்பு ஒயர்) கொடுத்திருப்பார்கள். எர்த் இல்லாததைவிட இது மோசம். கம்பத்துப் பக்கம் நியூட்ரல் அறுந்தால், விடுதியில் எரியும் பல்பு வழியாகவே பேஸ் உங்கள் வண்டியின் பாடிக்கு வந்துவிடும். அந்தக் கரண்ட் எர்த் ஒயரில் வருவதால் வண்டியின் ஆர்.சி.சி.பி. (பேஸ், நியூட்ரல் கரண்டில் வித்தியாசம் கண்டால் துண்டிக்கும் ஸ்விட்ச்) அதைப் பார்க்காது, டிரிப்பும் ஆகாது.

எர்த் இல்லை, நியூட்ரல் லூப் – இந்த இரண்டில் எதுவானாலும் அந்த பிளக்கை விட்டுவிடுவதே நல்லது. வேறு வழியில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கொண்டு, சாக்கெட்டின் எர்த்தைப் பிரித்துவிட்டு, ஈர மண்ணில் ஒரு மீட்டர் ராடு அடித்துப் பாடியோடு இணைக்கலாம். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் பல இடத்தில் அரை அடியிலேயே பாறை தட்டும். ஈரமான தாழ்வான இடமாகப் பாருங்கள். ராடு மட்டும் போதாது: மண்ணின் எதிர்ப்பு 50 ஓம் என்றால் ஓடுவது 4.6 ஆம்பியர்தான், 16 ஆம்பியர் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் விழும் ஸ்விட்ச்) அசையாது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. உடனே விழும். அது வண்டியில் இருந்தே ஆக வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் செருகியதும் அதிலுள்ள டி (டெஸ்ட்) பட்டனை அழுத்திப் பாருங்கள்.

கேள்வி: ஸ்டெபிலைசர் இருக்கிறது. போதாதா? – வாசகர், சூரமங்கலம்

பதில்: போதாது. மூன்று பேஸ் லைனில் நியூட்ரல் அறுந்தால் 230 வர வேண்டிய இடத்தில் 350க்கு மேலும் வரலாம். சாதாரண ஸ்டெபிலைசர் முதலில் எரியும். அதற்கு முன்னால், 190க்குக் கீழும் 255க்கு மேலும் துண்டிக்கும் வோல்டேஜ் புரொடெக்டரை வையுங்கள். ஏ.சி. இருந்தால் மறுபடி ஆன் ஆக 3 நிமிட டிலே வேண்டும், கம்ப்ரஸர் பிழைக்கும். இடி முழங்கினால் எந்தக் கருவியையும் நம்பாமல் ஒயரைக் கழற்றுங்கள்.

கேள்வி: 30 மீட்டர் எக்ஸ்டென்ஷனுக்கு எந்த ஒயர்? – வாசகர், நாகலூர்

பதில்: 2.5 சதுர மில்லிமீட்டர், மூன்று கோர், செம்பு. 15 ஆம்பியர் ஓடினால் சுமார் 7 வோல்ட் இழப்பு. 1 சதுர மில்லிமீட்டர் என்றால் 16 வோல்ட், ஒயரும் சூடாகும். ரீலில் சுற்றியபடி ஓட்டாதீர்கள், உள்சுற்று உருகும். முழுவதும் பிரித்துப் போடுங்கள். முதலில் வண்டிப் பக்கம் செருகி, பிறகு சுவர்ப் பக்கம். கழற்றும்போது சுவர்ப் பக்கம் முதலில்.