வளையம் போட்ட கேலக்ஸியில் வெடித்த விண்மீன்: கேள்வி பதில்

ஹைட்ரா விண்மீன் குழுவில், சுமார் 10 கோடி ஒளியாண்டு தள்ளி இருக்கிறது என்.ஜி.சி. 2962 என்ற கேலக்ஸி. 1995 பிப்ரவரியில் ஜப்பானின் ரெய்கி குஷிதா அதில் ஒரு சூப்பர்நோவாவை, அதாவது வெடித்துச் சிதறும் விண்மீனைக் கண்டுபிடித்தார். அந்த ஆண்டில் நான்காவது என்பதால் எஸ்.என். 1995டி என்று பெயர். அதையொட்டி வந்த கேள்விகள் இவை.

கே: இந்த கேலக்ஸியின் படத்தில் சுருள் கைகளே இல்லையே, இது என்ன ரகம்?

ப: வில்லை வடிவம். தட்டு உண்டு, கைகள் கிடையாது. வாயு பெரும்பாலும் தீர்ந்துவிட்டது; இருப்பதெல்லாம் அனேகமாக வயதான மஞ்சள் விண்மீன்கள்.

கே: வளையம் சனிக்கோளுக்கு இருப்பது போலவா?

ப: இல்லை, இது விண்மீன்களும் வாயுவும். நடுவில் நீளவாக்கில் இருக்கும் பட்டை சுழலும்போது, அதன் ஈர்ப்பு வாயுவைக் குறிப்பிட்ட தொலைவுகளில் ஒதுக்கிவிடும். புற ஊதாப் படத்தில் வெளி வளையம் எடுப்பாகத் தெரியும். அங்கே இன்னும் புது விண்மீன்கள் பிறக்கின்றன.

கே: அப்படியானால் வெடித்தது அந்த இளம் விண்மீன்களில் ஒன்றா?

ப: எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் நிறமாலை (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பதிவு) வேறு கதை சொன்னது. ஹைட்ரஜன் கோடே இல்லை. சிலிக்கனின் பள்ளம் தெளிவாக இருந்தது. இது 1ஏ வகை சூப்பர்நோவாவின் கைரேகை. வெடித்தது பெரும் விண்மீன் அல்ல, வெள்ளைக் குள்ளன், அதாவது எரிந்து முடிந்த விண்மீனின் மிச்சம்: பூமியளவு உருவம், ஏறக்குறைய சூரியனளவு நிறை. துணை விண்மீனிடமிருந்து பொருளை உறிஞ்சியோ, இன்னொரு குள்ளனோடு இணைந்தோ உள்ளே இருக்கும் கார்பன் பற்றிக்கொள்ளும். வெள்ளைக் குள்ளன் தாங்கக்கூடிய அதிகபட்ச நிறை சூரியனைப் போல் 1.4 மடங்கு என்று வானியற்பியலாளர் சந்திரசேகர் கணக்கிட்ட எல்லை இங்கேதான் வருகிறது. வயதான கேலக்ஸிகளில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் இந்த வகைதான்.

கே: வெடித்து முடிந்தும் வாரக்கணக்கில் ஒளிர்வது எப்படி?

ப: வெடிப்பில் உண்டான நிக்கல்-56 சிதைந்து கோபால்ட்டாகிறது, அரை ஆயுள் (பாதி சிதைய ஆகும் காலம்) 6 நாள். கோபால்ட் 77 நாள் அரை ஆயுளில் இரும்பாகிறது. அந்தக் கதிரியக்கம்தான் நாம் பார்க்கும் ஒளி. உச்சத்தைத் தொடவே சுமார் மூன்று வாரம் ஆகும்.

கே: நேற்று எடுத்த படத்தில், வேறொரு கேலக்ஸியில் புதிதாக ஒரு புள்ளி. அறிவித்துவிடலாமா?

ப: பொறுங்கள்! தொலைநோக்கியைச் சற்று நகர்த்தி இன்னொரு படம் எடுங்கள். சென்சார் கோளாறு என்றால் புள்ளி சென்சாரில் அதே இடத்தில் நிற்கும், விண்மீன்கள் மட்டும் நகரும். நான் இதைச் செய்யாமல் ஒரு ராத்திரி முழுக்கத் துள்ளிக் குதித்திருக்கிறேன். அப்புறம் ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். இடம் மாறியிருந்தால் அது குறுங்கோள். பழைய படங்களிலும் அந்தப் புள்ளி இல்லை என்றால், சர்வதேச வானியல் ஒன்றியத்தின் பட்டியலைத் திறந்து, யாராவது முந்திக்கொண்டார்களா என்று பாருங்கள்.