கனடாவில் துணைநிலை ஆளுநர் வெறும் கையொப்பப் பதவியா?

மாகாண முதல்வர் நீட்டும் தாளில் கையொப்பமிடுவதைத் தவிர, மாகாணத்தில் மன்னரின் பிரதிநிதியான துணைநிலை ஆளுநருக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள். குடியுரிமைப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்போதுதான் பலருக்கு இந்தச் சந்தேகம் வரும். மன்னராட்சிக்கு வக்காலத்து வாங்குபவன் அல்லன் நான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் 2017 இல் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் வாழ்ந்தவன் என்பதால் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா கடந்துபோக முடியவில்லை.

அந்த ஆண்டு மே 9 ஆம் தேதித் தேர்தலில், 87 ஆசனங்களில் ஆளும் லிபரல் கட்சிக்கு 43, புதிய சனநாயகக் கட்சிக்கு 41, பசுமைக் கட்சிக்கு 3 கிடைத்தன. பின்னைய இரு கட்சிகளும், புதிய சனநாயகக் கட்சி ஆட்சியமைக்கப் பசுமைக் கட்சி ஆதரவளிப்பதென்று உடன்பாடு செய்துகொண்டன. முதல்வர் கிறிஸ்டி கிளார்க் பதவி விலகாமல் சட்டமன்றத்தைச் சந்தித்தார்; அது அவருடைய உரிமை. ஜூன் 29 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பில் 44க்கு 42 என்ற கணக்கில் தோற்றார். உடனே துணைநிலை ஆளுநர் ஜூடித் கிஷானிடம் சென்று, சபையைக் கலைத்து மறுதேர்தல் நடத்துமாறு கேட்டார். கிஷான் மறுத்துவிட்டு, புதிய சனநாயகக் கட்சித் தலைவர் ஜான் ஹோர்கனை ஆட்சியமைக்க அழைத்தார்.

மறுநாள் மதிய இடைவேளையில் என்னுடன் வேலை செய்த மூத்தவர் ஒருவர், "யாருமே வாக்களிக்காத ஒருவர் முதல்வரின் ஆலோசனையைத் தள்ளுவதா?" என்று கொதித்தார். முதல்வரையும் மக்கள் நேரடியாகத் தெரிவதில்லை, சபையின் நம்பிக்கையை வைத்தே அவர் அந்த நாற்காலியில் இருக்கிறார், அந்த நம்பிக்கை முந்தின மாலையே போய்விட்டது என்றேன். வாக்களித்து இரண்டு மாதங்கள்கூட ஆகாத நிலையில், சபையில் தோற்றவர் கேட்டார் என்பதற்காக மக்களை மீண்டும் வாக்குச்சாவடிக்கு அனுப்புவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. சாதாரணமாக வாக்களிக்காத சபாநாயகரையும் ஹோர்கன் தரப்பிலிருந்தே கொடுக்க வேண்டியிருந்தால் ஓர் ஆசனப் பெரும்பான்மை எப்படி நிற்கும் என்று அந்த மூத்தவர் கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் அதைச் சபை செய்து பார்த்து அறிய வேண்டுமே தவிர, தோற்ற முதல்வர் முன்கூட்டியே தீர்ப்பளிக்க முடியாது. பின்னர் லிபரல் உறுப்பினர் ஒருவரே சபாநாயகரானார். 2020 இல் ஹோர்கனே தேர்தலை அறிவிக்கும்வரை அந்த ஆட்சி நீடித்தது.

அந்த மூத்தவர் விடவில்லை, 1926 ஐ இழுத்தார். கனடியப் பிரதமர் மெக்கன்சி கிங் பாராளுமன்றத்தைக் கலைக்கக் கேட்டபோது, நாடு முழுமைக்கும் மன்னரின் பிரதிநிதியான ஆளுநர் நாயகம் பிங் மறுத்தார். அடுத்துப் பிரதமராக வந்த ஆர்தர் மீயன் சில நாள்களிலேயே சபையில் ஒரு வாக்கில் தோற்றார், தேர்தலில் கிங் வென்றார். ஆகவே மறுப்பது தவறு என்பது அவர் வாதம். பெரும்பான்மையைத் திரட்ட முடியாமற்போனது மீயனின் தோல்வி என்றே நான் நினைக்கிறேன். வேறொருவர் ஆள வாய்ப்பிருக்கிறதா என்று பார்த்ததில் பிங்கின் பிழை என்ன? என் நண்பர் கடைசிவரை இதை ஏற்கவில்லை.

மற்ற நாள்களில் நீங்கள் சொல்வது பெரும்பாலும் சரிதான். சபைக் கூட்டத்தொடரைத் தொடங்கிவைக்கும் அரியணை உரையை அரசாங்கம் எழுதிக் கொடுக்கிறது, துணைநிலை ஆளுநர்கள் வாசிக்கிறார்கள். சபை நிறைவேற்றும் சட்டங்களுக்கு ஒப்புதல் அளிக்கிறார்கள். இது தெரியாமல், நம்மவர் சங்கம் ஒன்று துணைநிலை ஆளுநரை விழாவுக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தி, உறவினர்களின் விசா தாமதத்தைப் பற்றி மனுவும் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். விசா ஒட்டாவாவிலுள்ள மத்திய அரசின் பொறுப்பு என்று நான் சொன்னதற்கு இன்றுவரை அந்தச் சங்கத்தில் என்மீது கோபம் உண்டு.

இதற்குக் கீழே யாரேனும் ஆஸ்திரேலியாவைக் கொண்டுவருவீர்கள் என்பதும் தெரியும். 1975 நவம்பர் 11 அன்று அந்நாட்டு ஆளுநர் நாயகம் ஜான் கெர், கீழவையில் பெரும்பான்மை வைத்திருந்த பிரதமர் கஃப் விட்லமைப் பதவி நீக்கினார். மேலவையான செனட் நிதி மசோதாக்களை நிறுத்திவைத்திருந்தது உண்மைதான் என்றாலும், சபையின் நம்பிக்கை பெற்றவரை வெளியேற்றிய அந்தச் செயலை நான் நியாயப்படுத்த மாட்டேன். நம்பிக்கை இழந்தவருக்கு இன்னொரு தேர்தலை மறுத்த கிஷானைக் கெருடன் ஒரே தட்டில் வைப்பதையும் ஏற்க மாட்டேன்.