ஸ்பெயினின் ஹாப்ஸ்பர்க் வம்சம் ஏன் அற்றுப்போனது? இரண்டாம் கார்லோஸ் அவ்வளவு மோசமான மன்னரா?

கேள்வி இரண்டு பகுதியாக இருக்கிறது. ஸ்பெயினை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சம் எதனால் முடிந்தது என்பது ஒன்று. அதன் கடைசி மன்னர் இரண்டாம் கார்லோஸ் நிஜமாகவே அவ்வளவு மோசமானவரா என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இல்லை. அவருடைய ஓவியத்தைப் போட்டு, தாடையைக் காட்டிச் சிரிக்கும் பதிவுகளை இணையத்தில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாகிவிடும். அதற்கு என் வீட்டிலேயே ஒரு காரணம் இருக்கிறது.

என் அம்மாவைப் பெற்றவர்கள் தாய்மாமனும் அக்கா மகளும். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் அது சர்வசாதாரணம். நிலம் வெளியே போகாது, பெண்ணும் கண்ணெதிரே இருப்பாள் என்பார்கள். பிறந்த ஆறு பேரில் இரண்டு பேர் குழந்தையிலேயே போய்விட்டார்கள். மூத்த மாமாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. சொந்தத்தில் கட்டியதால்தானா என்று யாரும் அறுதியிட்டுச் சொன்னதில்லை. ஆனால் தெருப் பிள்ளைகள் அவரைப் போலவே பேசிக்காட்டிச் சிரித்ததும், அவர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குள் போனதும் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கார்லோஸைப் பற்றி முதன்முதலில் படித்தபோது மாமா முகம்தான் வந்தது.

அதன்பிறகு ஒரு நோட்டில் அந்த வம்சத்தின் கொடிவழியை வரைந்து, நம் உறவுமுறைப் பெயர்களை எழுதிப் பார்த்தேன். ஆங்கிலப் புத்தகங்களில் எல்லாரும் வெறும் 'கசின்'. தமிழில் எழுதியதும் யார் யாரைக் கட்டினார்கள் என்பது பளிச்சென்று தெரிந்தது.

கதை 1469இல் தொடங்குகிறது. காஸ்தில் நாட்டு இசபெல்லாவும் அரகோன் நாட்டு ஃபெர்னாண்டோவும் அந்த வருடம் திருமணம் செய்துகொண்டார்கள். இவர்களுடைய ஒரே மகன் ஹுவான் 1497இல் 19 வயதில் இறந்தான். மூத்த மகளும் அவள் குழந்தையும் அடுத்தடுத்துப் போனார்கள். கடைசியில் உரிமை இரண்டாவது மகள் ஹுவானாவிடம் வந்தது. அவள் அதற்கு முன்பே, 1496இல், ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் குடும்பத்து ஃபிலிப்பைக் கட்டியிருந்தாள். ஒரு போர் இல்லை, ஒரு படையெடுப்பு இல்லை, கல்யாணத்தாலேயே ஸ்பெயின் ஹாப்ஸ்பர்க் கைக்குப் போனது. 1506இல் கணவன் இறந்த பிறகு ஹுவானாவுக்குப் 'பைத்தியம்' என்று பெயர் வைத்தார்கள். 1509 முதல் 1555இல் சாகும்வரை தோர்தெசியாஸ் என்ற ஊரில் 46 வருடம் அடைத்துவைத்தார்கள். முதலில் அடைத்தவர் அப்பா. தொடர்ந்து அடைத்துவைத்திருந்தவர் மகன். சட்டப்படி அவள்தான் கடைசிவரை ராணி.

அந்த மகன்தான் பேரரசர் ஐந்தாம் கார்ல், ஸ்பெயினுக்கு முதலாம் கார்லோஸ். 1526இல் செவியாவில் அவர் கட்டியது போர்ச்சுகல் இளவரசி இசபெல்லை. அவள் ஹுவானாவின் தங்கை மகள், அதாவது கார்லோஸுக்குச் சித்தி மகள். நம் முறையில் தங்கச்சி! அவர்களுக்குப் பிறந்த இரண்டாம் ஃபெலிப்பே முதலில் கட்டிய மரியா மனுவேலா, அவருக்கு ஒரு பக்கம் அத்தை மகள், இன்னொரு பக்கம் மாமன் மகள். நம் ஊர்க் கணக்கில் இதைவிட நெருங்கிய முறைப்பெண் கிடைக்க மாட்டாள். ஆனால் அவர்களுடைய மகன் டான் கார்லோஸுக்கு எட்டுக் கொள்ளுத்தாத்தா கொள்ளுப்பாட்டிகள் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு பேர்தான் இருந்தார்கள். அந்தப் பையன் தன்னிலை தடுமாறி, 1568 ஜனவரியில் அப்பாவாலேயே காவலில் வைக்கப்பட்டு, ஆறு மாதத்தில், 23 வயதில் இறந்தான்.

வாரிசு வேண்டும் என்பதற்காக இரண்டாம் ஃபெலிப்பே 1570இல் நான்காவதாகக் கட்டியவள் ஆன்னா. தங்கை மகள். அக்கா மகளைக் கட்டும் எங்கள் பக்கத்திலேயே தங்கை மகளைக் கட்ட மாட்டார்கள், அவள் பெற்ற பெண் மாதிரி என்பார்கள். அந்த ஆன்னாவின் அப்பாவும் அம்மாவும் அண்ணன் தம்பி பிள்ளைகள். இவர்களுக்குப் பிறந்த மூன்றாம் ஃபெலிப்பே கட்டிய மார்கரீட்டா, ஆன்னாவுக்குச் சித்தப்பா மகள். அதாவது மாப்பிள்ளைக்குச் சித்தி முறை. நோட்டில் இந்த இடத்துக்கு வந்தபோது பேனாவை வைத்துவிட்டேன்.

இவர்கள் அறியாமையால் இப்படிச் செய்யவில்லை. கத்தோலிக்கச் சபை நெருங்கிய ரத்த உறவில் திருமணத்தைத் தடைசெய்திருந்தது. ஒவ்வொரு முறையும் போப்பிடம் சிறப்பு அனுமதி வாங்கித்தான் கட்டினார்கள். ஐந்தாம் கார்ல் பதவி விலகியபோது சொத்தை இரண்டாகப் பிரித்து, ஸ்பெயினை மகனுக்கும் ஆஸ்திரியப் பக்கத்தைத் தம்பிக்கும் விட்டார். ஒரு கிளை பட்டுப்போனால் மற்றக் கிளைக்குச் சொத்து வர வேண்டும், வெளியாள் உள்ளே நுழையக் கூடாது. அதற்காகப் பெண்களை இங்கும் அங்கும் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். நிலம் வெளியே போகக் கூடாது என்று என் தாத்தா வீட்டில் சொன்ன அதே காரணம்தான், அளவு மட்டும் வேறு.

கொஞ்ச காலம் அது பலித்தது என்பதையும் சொல்ல வேண்டும். போர்ச்சுகலின் இளம் மன்னன் செபஸ்தியான் 1578இல் மொரோக்கோவில் போரில் வாரிசில்லாமல் இறந்தான். அடுத்து வந்த கிழவர் ஹென்றியும் 1580இல் போனதும், அம்மா வழி உரிமையைச் சொல்லி, படையையும் அனுப்பி, இரண்டாம் ஃபெலிப்பே போர்ச்சுகலை எடுத்துக்கொண்டார். அதோடு கோவாவும் கொழும்பும் முத்துக்குளித்துறையும் அவர் கணக்கில் சேர்ந்தன. 1619இல் போர்த்துக்கீசர் யாழ்ப்பாண அரசை வீழ்த்தியபோது லிஸ்பனுக்கும் அரசராக இருந்தவர் இந்த மூன்றாம் ஃபெலிப்பேதான். நம் பாடப்புத்தகங்களில் போர்த்துக்கீசர் மட்டும்தான் வருவார்கள். மாட்ரிட் வருவதே இல்லை.

சரி, நான்காம் ஃபெலிப்பேக்கு வருவோம். 1621இல் 15 வயதில் பட்டத்துக்கு வந்தவர். வெலாஸ்கெஸ் என்ற மாபெரும் ஓவியரைத் தன்னருகிலேயே வைத்துக்கொண்டவர். 1644இல் மனைவி இறந்தாள். 1646இல், அவள் வழியில் உயிரோடு இருந்த ஒரே மகன் பல்தசார் கார்லோஸ் 16 வயதில் இறந்தான். அந்தப் பையனுக்குப் பேசி முடித்திருந்த பெண் மரியானா, அவனுடைய அத்தை மகள். மன்னருக்குத் தங்கை மகள். தமிழில் மருமகள் என்ற சொல்லின் இரண்டு அர்த்தத்திலும் அவள் அவருக்கு மருமகள். 1649இல் அவளையே அவர் கட்டிக்கொண்டார். அவருக்கு 44, அவளுக்கு 14.

பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கும் 'லாஸ் மெனினாஸ்' ஓவியத்தில் வெளிச்சம் முகத்தில் விழ நிற்கும் ஐந்து வயதுப் பெண் இவர்களுடைய மூத்த மகள் மார்கரீட்டா. வளர்ந்ததும் அவளை வியன்னாவில் தாய்மாமனுக்கே கட்டிக்கொடுத்தார்கள். 21 வயதில் இறந்துவிட்டாள். தம்பி ஃபெலிப்பே ப்ரொஸ்பெரோவையும் 1659இல் வெலாஸ்கெஸ் வரைந்திருக்கிறார். இரண்டு வயதுக் குழந்தை, இடுப்பைச் சுற்றித் திருஷ்டிக்கும் நோய்க்கும் கட்டிய தாயத்துகள், மணி. பக்கத்து நாற்காலியில் ஒரு குட்டி நாய். அந்த ஓவியத்தைப் பார்த்தால் எந்த நாட்டு அம்மாவுக்கும் அந்தத் தாயத்துகள் எதற்கென்று புரியும். 1661 நவம்பர் 1 அன்று அவன் இறந்தான். ஐந்து நாள் கழித்து, நவம்பர் 6 அன்று, கார்லோஸ் பிறந்தார்.

இந்தக் குழந்தைக்கு அம்மாவே அத்தை மகள். அம்மாவின் அம்மா இவருக்குப் பாட்டி, அவளே அத்தையும்.

பேச்சும் நடையும் மிகவும் தாமதமாக வந்தன. தாடை முன்னே நீண்டிருந்ததால் மெல்லுவது சிரமம், பேசினால் மற்றவர்களுக்குப் புரியாது. நான்கு வயதுகூட நிரம்பாதபோது, 1665இல், அப்பா இறந்து மன்னரானார். அம்மா மரியானா ஆட்சியை நடத்தினாள். பிறகு அதிகாரம், அப்பாவுக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்த அண்ணன் டான் ஹுவான் ஹோசே கைக்குப் போனது. கார்லோஸைச் சுற்றி எப்போதும் யாராவது இழுபறி நடத்திக்கொண்டேயிருந்தார்கள். மக்கள் அவரைச் 'சூனியம் வைக்கப்பட்டவர்' என்று அழைத்தார்கள். 1690களின் கடைசியில் அரண்மனையே அதை நம்பிப் பேயோட்டவும் செய்தது. நோயாளி ஒருவரைப் பிடித்துவைத்து மந்திரம் சொல்லிப் பயமுறுத்தியதை நினைத்தாலே எனக்கு ஆத்திரம் வருகிறது.

2009இல் சந்தியாகோ தெ கொம்போஸ்தெலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த வம்சத்தின் கொடிவழியை எடுத்து உள்ளினப்பெருக்கக் கெழுவைக் கணக்கிட்டார்கள். எளிமையாகச் சொன்னால், ஒரே மூதாதையிடமிருந்து வந்த ஒரே மரபணுப் பிரதி அப்பா வழியிலும் அம்மா வழியிலும் ஒருவருக்கு வந்து சேரும் வாய்ப்பு. அத்தை மகளைக் கட்டினால் பிள்ளைக்கு 0.0625. சித்தி மகளைக் கட்டினாலும் அதேதான், நம் முறை வித்தியாசம் மரபணுவுக்குத் தெரியாது. மாமனும் மருமகளும் என்றால் 0.125. கூடப்பிறந்த அண்ணன் தங்கைக்குப் பிறந்தால் 0.25. கார்லோஸுக்கு வந்த எண் 0.254. வம்சத்தின் முதல் ஃபிலிப்புக்கு இது 0.025தான் இருந்தது. பத்து மடங்கு ஏற்றம். 1527 முதல் 1661 வரை இந்த அரச குடும்பத்தில் பிறந்த 34 குழந்தைகளில் 10 பேர் ஒரு வயதுக்குள், மொத்தம் 17 பேர் பத்து வயதுக்குள் இறந்ததாகவும் அவர்கள் எண்ணிச் சொல்கிறார்கள். அன்றைய ஸ்பானியக் கிராமங்களில்கூட இவ்வளவு சாவு இல்லையாம்.

ஆக, வம்சம் அழிந்தது கார்லோஸால் இல்லை. அவர் பிறக்கும் முன்பே அது முடிவாகிவிட்டது. வாரிசு இல்லாததற்கு முதல் மனைவி மரியா லூயிசாவைத்தான் ஊர் பழித்தது. அவள் பிரான்ஸிலிருந்து 17 வயதில், 1679இல், வந்தவள். 'நீ பெற்றால்' என்ற சொல்லும் 'பாரிஸ்' என்ற ஊர்ப்பெயரும் ஸ்பானிய மொழியில் ஒரே ஒலி. பெற்றால் ஸ்பெயினுக்குப் பெறு, இல்லாவிட்டால் பாரிஸுக்குப் போ என்று அதை வைத்து மாட்ரிட்டில் பாட்டே கட்டினார்கள். அந்தப் பாட்டு அவள் காதில் விழாமலா இருந்திருக்கும்? 1689இல் 26 வயதில் இறந்துபோனாள். அடுத்த வருடம் வந்த ஜெர்மானிய மனைவிக்கும் குழந்தை இல்லை.

அவருடைய ஆட்சியைப் பற்றிப் பேசும்போது ஒன்றை மறந்துவிடுகிறார்கள். நடு நூற்றாண்டில் மதிப்பிழந்த செப்புக்காசால் விலைவாசி தறிகெட்டு ஆடிக்கொண்டிருந்தது. 1680இல் காசின் மதிப்பை ஒரேயடியாகக் குறைத்து அதைக் கட்டுக்குள் கொண்டுவந்தது அவருடைய அரசுதான். முதலில் வலித்தது, பிறகு நாணயம் நிலைபெற்றது. அவரைப் பற்றிய மோசமான வர்ணனைகளில் பல, அவர் எப்போது சாவார், சொத்து யாருக்கு வரும் என்று காத்திருந்த நாடுகளின் தூதர்கள் எழுதியவை. அவற்றை அப்படியே நம்பக் கூடாது.

கடைசி இரண்டு வருடம்தான் அவரை எனக்கு மிகவும் மதிக்கத் தோன்றவைத்தது. தன் அக்கா மார்கரீட்டாவின் பேரன், பவேரியாவின் ஹோசே ஃபெர்னாண்டோவைத்தான் முதலில் வாரிசாக்கினார். அந்தப் பையன் 1699 பிப்ரவரியில் ஆறு வயதில் இறந்தான். அதற்கு முன்பும் பின்பும் பிரான்ஸின் பதினான்காம் லூயியும் இங்கிலாந்தின் மூன்றாம் வில்லியமும் இவரைக் கேட்காமலே ஸ்பெயினின் நாடுகளைப் பங்குபோட்டு ஒப்பந்தம் எழுதினார்கள். மனைவியோ தன் அக்கா மகனான ஆஸ்திரிய இளவரசனுக்காக மன்றாடிக்கொண்டிருந்தாள். அவன் கார்லோஸின் சொந்த வம்சமும்கூட. படுக்கையில் கிடந்தபடி 1700 அக்டோபர் 3 அன்று கார்லோஸ் கையெழுத்திட்ட உயிலில் எல்லாம் பிரான்ஸின் போர்போன் வம்சத்து ஆஞ்சூ இளவரசன் ஃபெலிப்பேக்கு. அவன், கார்லோஸின் அப்பாவுக்கு முதல் மனைவி வழியில் பிறந்த அக்காவின் பேரன். நிபந்தனைகள்: நாட்டைத் துண்டுபோடக் கூடாது, பிரான்ஸோடு சேர்க்கக் கூடாது. இருநூறு வருடம் சொத்து வெளியே போகக் கூடாது என்று கட்டிக்காத்த வீட்டில், நாடு உடையாமல் இருக்கட்டும் என்று அதை வெளியாளுக்கு எழுதிவைத்தவர் இவர் ஒருவர்தான். நவம்பர் 1 அன்று இறந்தார், 39 வயது நிரம்ப ஐந்து நாள் இருந்தது. அண்ணன் ஃபெலிப்பே ப்ரொஸ்பெரோ இறந்த அதே தேதி.

அதன்பின் போர் மூண்டது, 1713இல் உத்ரெக்த் ஒப்பந்தத்தில் இத்தாலிய நிலங்களும் நெதர்லாந்துப் பகுதியும் ஜிப்ரால்டரும் போயின. ஆனால் ஸ்பெயினும் அதன் அமெரிக்க நாடுகளும் ஐந்தாம் ஃபெலிப்பேயிடமே நின்றன. இன்றைய மன்னர் ஆறாம் ஃபெலிப்பே அந்தப் போர்போன் வழியில் வந்தவர்.

சில வருடங்களுக்கு முன், ஸ்பெயின் மன்னர்களை அடக்கம் செய்திருக்கும் எல் எஸ்கோரியல் அரண்மனைக்குப் போயிருந்தேன். தரைக்குக் கீழே எட்டுப்பட்டை அறையில் மன்னர்களின் சலவைக்கல் பெட்டிகள் அடுக்கடுக்காக இருக்கின்றன, எல்லாம் ஒரே அளவு. கார்லோஸும் அங்கேதான். அந்த அறையில் ராணிகளுக்கு இடம் வேண்டுமென்றால், ஓரிரு விதிவிலக்கு தவிர, ஒரு மன்னனைப் பெற்றிருக்க வேண்டும். மரியானா அங்கே இருக்கிறாள். மரியா லூயிசா இல்லை. அவளை இளவரசர்களுக்கும் இளவரசிகளுக்கும் உள்ள மண்டபத்தில் வைத்திருக்கிறார்கள். சின்ன வயதிலேயே இறந்த அரச குழந்தைகளுக்கென்று பல பட்டைகள் கொண்ட ஒரு வெள்ளைக் கல்லறையும் அதே மண்டபத்தில் இருக்கிறது. நான் அதைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு மேலே வந்துவிட்டேன்.