பௌதிகவியல் வகுப்பில் செய்துகாட்ட, பழுதாகி எறிந்த மின்சாதனங்களில் எதைக் கழற்றி எடுக்கலாம்?

கொழும்பில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். ஒன்றே ஒன்றுதான் கிடைக்கும் என்றால் பழைய ஸ்கேனரைக் கேட்டு வாங்குங்கள். அதற்குள் படிப்படியாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டார் ஒன்று இருக்கும். அதன் தண்டைக் கையால் சுற்றினால் அது மின்பிறப்பாக்கியாக வேலை செய்யும். பழைய டொட் மேட்ரிக்ஸ் பிரிண்டரிலும் உண்டு.

நான்கு கம்பி உள்ள மோட்டாரில், மல்டிமீட்டரில் சில ஓம் தடை காட்டும் சோடி ஒரு சுருளுக்குரியது. அந்தச் சோடிக்குக் குறுக்கே இரண்டு சிவப்பு எல்ஈடிகளை ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சமாந்தரமாகப் பொருத்துங்கள். தண்டை மெதுவாகச் சுற்றினால் ஒன்றும் எரியாது. சிவப்பு எல்ஈடிக்கு ஏறத்தாழ 1.8 வோல்ட் வேண்டும். விரலால் வெடுக்கென்று சுண்டினால் இரண்டும் எரியும். சுருளினூடான காந்தப் பாயம் எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அவ்வளவு வோல்ட் என்று, அதாவது பாய மாற்ற வீதம் என்று கரும்பலகையில் எழுத இதைவிட நல்ல நேரம் வராது. போனில் ஸ்லோ மோஷனில் எடுத்துப் பார்த்தால் அவை மாறி மாறி மின்னுவது தெரியும், திசை மாறி மாறி ஓடும் ஆடலோட்டம் (ஏசி) அதுதான்.

இனித்தான் முக்கியமான கட்டம். எல்ஈடிகளைக் கழற்றி, அந்த இரண்டு கம்பியையும் ஒன்றாக முறுக்கிவிட்டு ஒரு பிள்ளையிடம் கொடுங்கள். தண்டு இறுகிவிடும். “சேர், உள்ளுக்குப் பிடிக்குது!” தூண்டிய மின்னோட்டம் தன்னை உண்டாக்கிய மாற்றத்தை எதிர்க்கும் என்ற லென்சின் விதியைப் பாடமாக்கி ஒப்புவித்த அதே பிள்ளைதான் சொல்லும். கையால் செய்த வேலை எங்கே போனது என்று அப்போது கேளுங்கள். சுருளின் தடையில் வெப்பமாகியது என்று அவர்களே வந்து சேருவார்கள்.

அப்புறம் பழைய சீடி. அதன் நெருக்கமான தடங்கள் லேசர் ஒளியைப் பல புள்ளிகளாகப் பிரித்துத் தெறிக்கவைக்கும். தடங்களுக்கு இடையே 1.6 மைக்ரோமீற்றர். 650 நனோமீற்றர் சிவப்பு லேசரை நேர்குத்தாக அடித்தால் முதல் புள்ளி சுமார் 24 பாகையில் விழும். டீவீடியில் இடைவெளி 0.74தான், புள்ளி 61 பாகைக்குப் போய்விடும். தெறித்து வரும் கதிர் யார் கண்ணிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மைக்ரோவேவ் அவனையும் வயிறு பெருத்த பழைய டீவியையும் திறக்கவே வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பின்பும் உள்ளே ஆளைக் கொல்லும் மின்னேற்றம் தங்கியிருக்கலாம்.

எல்ஈடி, வயர் எல்லாம் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கலாம். ஸ்கேனருக்கு உங்கள் பக்கத்து ரிப்பேர் கடைதான் சரி. “வேலை செய்யாதது போதும்” என்று முதலிலேயே சொல்லுங்கள், இல்லாவிட்டால் திருத்தித் தருவதற்கு விலை பேச ஆரம்பித்துவிடுவார்கள்.