எழுந்தால் தலைசுற்றல்: மூளையின் துணைச் செல்கள்மேல் பழி போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 61. மன்னார்குடி பக்கம் விவசாயம். பல வருடமாக பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். நடுநடுவே விட்டும் இருக்கிறேன். களை பறித்துவிட்டு நிமிர்ந்தால் கண் இருட்டுகிறது. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் கட்டி, அடைப்பு எதுவும் இல்லை, 'சிறு ரத்தக்குழாய் மாற்றங்கள்' மட்டும் என்றார்கள். மூளையின் ரத்த ஓட்டத்தைத் துணைச் செல்கள் பார்த்துக்கொள்ளும் என்றும் டாக்டர் சொன்னார். ரத்த ஓட்டத்தைக் கூட்ட மாத்திரை உண்டா?

பதில்: அப்படியொரு மாத்திரையைத் தேடி அலைய வேண்டாம். 'மூளைக்கு ரத்த ஓட்டம்' என்று விற்கும் ஜிங்கோ மாத்திரைகளுக்குக் காசு போடுவதும் வீண். ஓட்டத்தைக் கூட்டிக் குறைப்பது மூளையே செய்துகொள்கிற வேலை.

உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான். ஆனால் நாம் சும்மா இருக்கும்போது உடல் செலவழிக்கும் ஆக்ஸிஜனில் ஏறக்குறைய 20 சதவீதம் அதற்கே போகிறது. நிமிடத்துக்கு 700 மில்லி அளவு ரத்தம் வருகிறது. சேமித்து வைக்க இடமில்லை. எந்தப் பகுதி வேலை செய்கிறதோ அங்கே ஓரிரு நொடியில் ஓட்டம் கூட வேண்டும். முறை வைத்து மடை திறப்பவரின் வேலை இது. அதில் ஒரு பங்கு ஆஸ்ட்ரோசைட் எனும் நட்சத்திர வடிவத் துணைச் செல்களுடையது. அவற்றின் ஒரு பக்கத்துக் கிளைகள் நரம்புச் செல்கள் சேரும் இடங்களைத் தொட்டிருக்கும். மறுபக்கத்துப் 'பாதங்கள்' நுண்குழாய்களைச் சுற்றிப் போர்த்தியிருக்கும். நரம்புச் செல் குளூட்டமேட் எனும் தகவல் ரசாயனத்தை வெளியிட்டதும் ஆஸ்ட்ரோசைட்டுக்குள் கால்சியம் ஏறுகிறது. பாதத்திலிருந்து புரோஸ்டாகிளாண்டின், பொட்டாசியம் போன்றவை கசிந்து குழாய்த் தசையைத் தளர்த்துகின்றன. குழாயின் விட்டம் 10 சதவீதம் கூடினாலே ஓட்டம் கணக்குப்படி 46 சதவீதம் கூடும். நுண்குழாய்களை அணைத்திருக்கும் பெரிசைட் செல்களும் சுருங்கி விரிந்து இதில் சேர்ந்துகொள்கின்றன.

(காபிக்கும் இதில் தொடர்பு உண்டு. குழாயை விரிக்கும் அடினோசினை காஃபீன் தடுக்கிறது. தினமும் டிகிரி காபி குடிப்பவர் ஏகாதசியன்று விட்டால் தலைவலி வருவது அதனால்தான். இரண்டு டம்ளர் குடிக்கலாம்.)

பிரஷர் வருடக்கணக்கில் ஏறி இருந்தால் சின்னத் தமனிகளின் சுவர் தடித்து, விரிய முடியாமல் போகிறது. ஆஸ்ட்ரோசைட் பாதங்களும் சிதையலாம். உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பது பெரும்பாலும் இந்த வகைதான். இன்னொன்று: மூளை தன் ஓட்டத்தைச் சீராக வைத்துக்கொள்ளும் அழுத்த எல்லையே மேலே நகர்ந்துவிடும். மற்றவருக்குச் சாதாரணமான பிரஷர் உங்கள் மூளைக்குக் குறைவாகப் படலாம். ஆகவே 130/80-க்குக் கீழே கொண்டுவருவதை வாரக்கணக்கில், மெதுவாகத்தான் செய்ய வேண்டும். விட்டு விட்டுச் சாப்பிடுவதுதான் இருப்பதிலேயே மோசம்.

நிமிரும்போது கண் இருட்டுவதற்குத் துணைச் செல்களைவிட, எழுந்ததும் பிரஷர் விழுவதே காரணமாக இருக்கும். வீட்டிலேயே பார்க்கலாம். 5 நிமிடம் படுத்திருந்து பிரஷர் பாருங்கள். எழுந்து நின்று 1-ஆம் நிமிடத்திலும் 3-ஆம் நிமிடத்திலும் பாருங்கள். பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். பட்டை சட்டைக்கு மேல் வேண்டாம், கை இதய மட்டத்தில் இருக்கட்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால், இந்த அளவுகளைக் குறித்த சீட்டையும் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் டாக்டரிடம் காட்டுங்கள். நீர் மாத்திரையும், புராஸ்டேட்டுக்குத் தரும் டாம்சுலோசினும் இப்படிச் செய்யும். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

குறுவைக் களையெடுப்பு வெயிலில் வியர்த்துக் கொட்டும்போது தண்ணீர் கூடவே இருக்கட்டும். மோர் நல்லது, உப்பில்லாமல். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்பு, அதாவது ஒரு டீஸ்பூன். ஊறுகாய், கருவாடு, அப்பளம் எல்லாம் அதற்குள் அடக்கம். குனிந்தவர் சட்டென்று எழாமல், வரப்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, கெண்டைக்காலை இறுக்கித் தளர்த்திவிட்டு எழுந்திருங்கள்.

வாய் கோணல், ஒரு கை அல்லது கால் தளர்வு, பேச்சுக் குழறல் திடீரென வந்தால் அது வேறு கதை. உடனே 108. கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துச் சொல்லுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு, அதற்குள் சி.டி. ஸ்கேனும் எடுத்தாக வேண்டும். அந்த நேரத்தில் பிரஷர் 180 காட்டுகிறதென்று நாக்கின் அடியில் மாத்திரை வைத்து இறக்கிவிடாதீர்கள். அடைப்பைச் சுற்றியுள்ள மூளைப் பகுதி அந்த அழுத்தத்தை நம்பித்தான் பிழைத்திருக்கும்.