போகாவிட்டால் ஆகாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

நகோயாவுக்கு அருகில் ஒரு வாகன உதிரிபாக ஆலையில் ஒன்றரை ஆண்டாகப் பணிபுரிகிறேன். ஜப்பானிய மொழித் தேர்வில் நான்காம் நிலை தேறிய பிறகுதான் இங்கு வந்தேன். 'செய்ய வேண்டும்' என்று சொல்ல வினையோடு 'நகெரெபா நரனை' சேர்க்க வேண்டும் என்று வகுப்பில் கற்றுக் கொடுத்தார்கள். ஆலையில் யாரும் அப்படிப் பேசக் கேட்டதில்லை. வேலை முடிந்ததும் ஒருவர் 'இகனக்யா' என்கிறார், இன்னொருவர் 'இகனகுச்சா' என்கிறார், மற்றொருவர் 'இகனை தோ' என்று சொல்லிக்கொண்டே கிளம்பிவிடுகிறார். மீதி வாக்கியம் வரும் என்று நான் காத்து நிற்கிறேன். நானும் அவ்வாறே பேசிப் பழகலாம் என்று, ஒரு படிவத்தில் நாளைக்குள் முத்திரை வைக்க வேண்டும் என்பதைப் பிரிவுத் தலைவரிடம் 'ஒசனக்யா தமே தெஸ்' என்று சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. நான் செய்த தவறு என்ன? தமிழும் ஜப்பானியமும் ஒரே குடும்பம் என்று சொல்லப்படுவதற்கு இத்தகைய அமைப்புகள் சான்றாகுமா? வரும் ஏப்ரலில் ஓசகா கிளைக்கு மாற்றலாகிறேன். அங்கே பேச்சு வேறு என்கிறார்களே, அதையும் சொல்லுங்கள்.

ச.

அன்புள்ள ச. அவர்களுக்கு,

மீதி வாக்கியத்துக்காகக் காத்து நின்றதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் காது சரியாகவே கேட்டிருக்கிறது. அவர்கள் பாதி வாக்கியத்தைத்தான் சொன்னார்கள். வகுப்பில் 'நகெரெபா நரனை' என்பதை ஒரே விகுதிபோல மனப்பாடம் செய்ய வைத்து, அது 'வேண்டும்' என்பதற்கு ஈடு என்று சொல்லிவிடுவதால்தான் குழப்பம் வருகிறது. அது விகுதி அன்று, இரண்டு கூறுகள் கொண்ட முழு வாக்கியம். 'இகனகெரெபா' என்றால் 'போகாவிட்டால்'. 'நரு' என்பது 'ஆகு' என்னும் வினை, அதன் எதிர்மறை 'நரனை'. ஆக, 'இகனகெரெபா நரனை' என்பதைச் சொல்லுக்குச் சொல் தமிழில் வைத்தால் 'போகாவிட்டால் ஆகாது' என்று வரும். (தமிழ் எழுத்தில் எழுதுவதால் ஒரு குறிப்பு: இச்சொற்களின் நடுவில் வரும் ககரத்தையும் தகரத்தையும், 'தமே', 'தெஸ்' என்பவற்றின் முதலெழுத்து நீங்கலாக, வல்லோசையாகவே படியுங்கள்.)

'ஆகாது' என்ற சொல்லை நாம் ஆளும் விதத்தை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். 'குளிர்ந்த நீர் உடம்புக்கு ஆகாது', 'அவர் வராமல் ஆகாது' என்றெல்லாம் சொல்கிறோம். ஒத்துவராதது, நடவாதது, அனுமதிக்க முடியாதது என எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடங்குகின்றன. 'நரனை' ஏறத்தாழ அந்த இடத்தில்தான் நிற்கிறது. இதனோடு மாறி வரும் 'இகெனை' என்பது 'போக இயலாது' என்னும் பொருளில் தோன்றி, 'கூடாது, சரிப்படாது' என்று பொருள் விரிந்த சொல். முன்னது பொதுவிதியின் குரல். 1947 மே 3 அன்று நடைமுறைக்கு வந்த ஜப்பானிய அரசமைப்புச் சட்டத்தின் 12ஆவது பிரிவு, மக்கள் தங்கள் உரிமைகளை இடைவிடாத முயற்சியால் காத்துக்கொள்ள வேண்டும் என்று கூறும் இடத்தில் 'ஷினகெரெபா நரனை' என்றுதான் முடிகிறது. பின்னது, இந்த ஆள் இந்த வேலையை இப்போது செய்தாக வேண்டும் என்னும் நேர்ப்பேச்சுக்கு உரியது.

இனி உங்கள் ஆலைக்கு வருவோம். 'போக வேண்டும்' என்பது நம் வாயில் 'போகணும்' என்றும், கொங்கு நாட்டில் 'போகோணும்' என்றும் தேய்ந்ததைப் போலவே 'நகெரெபா' என்பது 'நக்யா' ஆயிற்று. 'நகுதே வா' என்னும் மற்றொரு நிபந்தனை வடிவம் 'நகுச்சா' ஆயிற்று. 'இகனை தோ' என்பதில் தேய்வு எதுவும் இல்லை, அதுவும் 'போகவில்லை என்றால்' என்று பொருள்படும் நிபந்தனைதான். மூன்றிலும் 'ஆகாது' என்ற பின்பகுதி சொல்லப்படாமல் நிற்கிறது. நம் வீடுகளிலும் மணியைப் பார்த்துவிட்டு 'இப்பவே கிளம்பலைன்னா...' என்று இழுத்தபடி பையை எடுப்பவர் உண்டு, அவரிடம் யாரும் மீதியைக் கேட்பதில்லை. 'இகனை தோ' என்பதில் இந்த இழுப்பு நன்றாகவே கேட்கும். ரயில் போய்விடும், குழந்தை காத்திருக்கும் என்று ஏதோ ஒரு விளைவு அதன் பின்னால் மறைந்திருக்கிறது. 'இகனக்யா' பெரும்பாலும் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது. 'இகனகுச்சா' அதைவிடச் சற்றே மென்மையாக ஒலிக்கிறது என்பது என் காதின் தீர்ப்பு.

தவறு நேர்ந்த இடமும் இதற்குள்ளேயே இருக்கிறது. தனக்குச் சொல்லிக்கொள்ளும்போது பின்பகுதி விழுந்துவிடுவதால், அந்த வாக்கியம் யாரையும் அழுத்துவதில்லை. நீங்களோ விழுந்த பகுதியை மீண்டும் எடுத்து, 'ஆகாது' என்பதற்குப் பதிலாக அதைவிடக் கடுமையான 'தமே' ('கெட்டது, கூடவே கூடாது') என்பதை வைத்து, பதவியில் மூத்தவரை நோக்கிச் சொல்லிவிட்டீர்கள். 'காய்கறி சாப்பிடாவிட்டால் தமே' என்பது தாய் பிள்ளையிடம் பேசும் பேச்சு. இறுதியில் 'தெஸ்' சேர்த்ததால் விகுதி மரியாதையாயிற்று, ஆனால் அவருடைய செயலை நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லும் உரிமையை நீங்கள் எடுத்துக்கொண்டது அப்படியே நின்றது. மேலிருப்பவரிடம் ஜப்பானியர் கடமையைப் பற்றிப் பேசுவதே அரிது. 'நாளைக்குள் தங்கள் முத்திரையைப் பெற இயலுமா' என்று வேண்டுகோளாகக் கேட்பார்கள். விதியைச் சுட்டியே ஆக வேண்டுமானால், 'தேவை' என்னும் பொருளுள்ள 'ஹித்ஸுயோ' என்ற சொல்லைக் கொண்டு, படிவத்துக்கு முத்திரை தேவைப்படுகிறது என்று பொறுப்பைப் படிவத்தின் மேல் வைப்பார்கள். அவரைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அடுத்த முறை இப்படிக் கேட்டுப் பாருங்கள், முகம் தெளிந்துவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் தமிழர்களாகிய நமக்கு இதைவிடப் பெரிய இடறல் அங்கேதான் இருக்கிறது. நம்முடைய 'வேண்டும்' ஆசையையும் கடமையையும் ஒரே சொல்லில் வைத்திருக்கிறது. 'உங்கள் வீட்டுக்கு மறுபடியும் வர வேண்டும்' என்று நாம் சொல்லும்போது அன்பு மட்டுமே இருக்கிறது. முதல் ஆண்டில், எனக்கு விருந்தளித்த ஒரு முதிய தம்பதியின் வீட்டு வாசலில் காலணியை மாட்டிக்கொண்டே நான் இதை அப்படியே ஜப்பானியத்தில் சொன்னேன்: 'மதா கோனகெரெபா நரிமசென்'. அந்த அம்மையார் ஒரு கணம் தயங்கி, 'சிரமப்படாதீர்கள்' என்று கனிவாகச் சொன்னார். அவர் கேட்டது, 'வேறு வழியில்லை, மறுபடியும் வந்துதான் தொலைக்க வேண்டும்' என்பதற்கு நிகரான ஒன்று. நான் சொல்லியிருக்க வேண்டியது 'மதா கிதை தெஸ்'. ஜப்பானியத்தில் ஆசைக்குத் 'தை' என்னும் தனி விகுதி உண்டு, கடமை அதன் அருகில்கூட வருவதில்லை. இதை எழுதும் இன்றும் அந்த வாசல் என் நினைவில் வலிக்கிறது.

இதுபோலவே, 'அவர் இந்நேரம் வந்திருக்க வேண்டும்' என்ற நம் வாக்கியம் ஊகமாகவும் இருக்கலாம், வராதவர் மீதான குறையாகவும் இருக்கலாம். ஜப்பானியத்தில் ஊகமானால் 'ஹஸு', குறையானால் 'பெகி'. இரண்டுக்கும் 'நகெரெபா நரனை' பொருந்தாது. ஆகவே என் வேண்டுகோள் ஒன்றே: ஜப்பானியம் பேசும்போது மனத்தில் 'வேண்டும்' என்ற சொல்லிலிருந்து தொடங்காதீர்கள், 'ஆகாது' என்பதிலிருந்து தொடங்குங்கள். 'போகாவிட்டால் ஆகாது' என்று நினைத்தால் கடமை சரியாக வரும். 'போனால் ஆகாது' என்று நினைத்தால் 'இத்தே வா இகெனை' என்ற தடை வரும். 'போகாவிட்டாலும் நல்லதே' என்று நினைத்தால், போகத் தேவையில்லை என்பதற்கான 'இகனகுதே மோ ஈ' தானாகவே வரும். இறந்தகாலத்தில் மட்டும் பின்பகுதியை விழவிட முடியாது, ஏனெனில் காலம் காட்டும் விகுதி அங்கேதான் ஒட்டுகிறது. 'போக வேண்டியிருந்தது' என்பதற்கு 'இகனக்யா நரனகத்தா' என்று முழுவதும் சொல்லியே ஆக வேண்டும்.

மொழிக்குடும்பம் பற்றி: ஜப்பானிய மொழியறிஞர் ஓனோ சுசுமு (1919–2008) தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவுண்டு என்று பல ஆண்டுகள் எழுதினார். அவருடைய உழைப்பின் மேல் எனக்கு மதிப்புண்டு, ஆனால் மொழியியலாளர் பெரும்பாலோர் அந்த முடிவை ஏற்கவில்லை. இந்த ஓர் அமைப்பைச் சான்றாகக் கொள்ளவும் முடியாது. கொரிய மொழியிலும் 'அன் கமியோன் அன் த்வே' என்று, 'போகாவிட்டால் ஆகாது' என்பதையே அதே வரிசையில் சொல்கிறார்கள். வினையை இறுதியில் வைத்து விகுதிகளை அடுக்கும் மொழிகள் தனித்தனியாகவே இந்த வழிக்கு வந்து சேரக்கூடும்.

ஓசகாவில் நீங்கள் 'இகனா அகன்' என்று கேட்பீர்கள். 'இகனா' என்பது போகாவிட்டால், 'அகன்' என்பது ஆகாது. நகோயாவில் விழுந்துபோன பின்பகுதியை அங்கே பலர் வாய்நிறையச் சொல்வார்கள். முதல் வாரம் அது அதட்டலாகத் தோன்றக்கூடும், ஆனால் அங்குள்ளவர்களுக்கு அது அன்றாடப் பேச்சு. பிரிவுத் தலைவரிடம் மட்டும் அங்கும் படிவத்தின் தேவையையே சொல்லுங்கள்.