ஜோ லிகின்ஸின் இசைத்தட்டுப் பயணம் எப்படி இருந்தது? ஒரே பாட்டோடு முடிந்துவிட்டதா?

இல்லை. ஆனால் அந்த ஒரு பாட்டு மற்றதையெல்லாம் மறைத்துவிட்டது உண்மைதான்.

ஓக்லஹோமாவில் பிறந்த பியானோ கலைஞர் லிகின்ஸ், லாஸ் ஏஞ்சல்ஸில் சாமி ஃபிராங்க்ளின் குழுவில் வாசித்துக்கொண்டிருந்தார். தான் எழுதிய 'தி ஹனிடிரிப்பர்' பாட்டைப் பதிவு செய்யலாமா என்று கேட்டார். ஃபிராங்க்ளின் ஆர்வம் காட்டவில்லை. சரி என்று தனியே குழு அமைத்து, 1945இல் எக்ஸ்க்ளூசிவ் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பதிவு செய்தார். நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் அப்போதைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடம்தான் பிடிக்கும். இந்தப் பாட்டோ நீளம். அதனால் ஒரு பக்கத்தில் பாதி, திருப்பிப் போட்டால் மீதி. அப்படியிருந்தும் பில்போர்டு என்ற அமெரிக்க இசைப் பத்திரிகையின் கறுப்பின இசைப் பட்டியலில் 18 வாரம் முதலிடத்தில் இருந்தது!

கேட்டுப் பாருங்கள்: பியானோ அவசரமே இல்லாமல் ஒரே சுழலில் உருள்கிறது, சாக்ஸபோன்கள் அதன்மேல் சாய்ந்து வருகின்றன. கறுப்பின அமெரிக்கர்களின் துள்ளல் நடன இசையான ஜம்ப் ப்ளூஸ் என்றாலே வேகம் என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அப்புறம் 1946இல் 'காட் எ ரைட் டு க்ரை'யும் நன்றாகப் போனது. எக்ஸ்க்ளூசிவ் நொடித்துப்போனதும் ஆர்ட் ரூப்பின் ஸ்பெஷாலிட்டி நிறுவனத்துக்கு மாறினார். அங்கே 1950இல் வந்த 'பிங்க் ஷாம்பெயின்' 13 வாரம் முதலிடம். அவருடைய தம்பி ஜிம்மியும் அதே நிறுவனத்தில்தான் கிட்டார் வாசித்துப் பாடிக்கொண்டிருந்தார். ஐம்பதுகளின் நடுவில் ராக் அண்ட் ரோல் அலை வந்தபோது ஜோவின் விற்பனை சரிந்தது. 1987இல் காலமானார்.